நான் உருவி எடுத்த மஞ்சள் துண்டுகள்

நான்தான் எடுத்தேன். ஜமீலா செருகி வைத்த மஞ்சள் காகிதத் துண்டுகளை, பதினொரு துண்டுகளை, ஒன்றுவிடாமல் உருவிக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டவன் நான்.

யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் சொல்லித் தரவில்லை. சாப்பாட்டு வேளை. கூடத்தில் ஆள் இல்லை. கை நீண்டது... அவ்வளவுதான்!

காகிதத் துண்டுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நீங்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. என்னைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் அப்படித்தான் நினைத்தார்கள். எனக்கு வயிறு எரிவதே அதனால்தான். கேளுங்கள்.

பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டைத் தாண்டி, வாளையாறு போகும் சாலையிலிருந்து சற்று உள்ளே ஒரு லேபிள் அச்சகம். மருந்துப் புட்டிகளில் ஒட்டும் லேபிள்கள்தான் அங்கே பெரும்பாலும். வடகரப்பதியிலிருந்து தினமும் வண்டியில் போய் வருகிறேன். பெயர் துரைசாமி. அங்கே பெரிய இயந்திரம் என் பொறுப்பு.

அது மின்னூட்டத்தால் அச்சிடும் இயந்திரம். தூள் மை கிடையாது, திரவ டோனர். மண்ணெண்ணெய் போலத் தெளிந்த ஓர் எண்ணெயில் கண்ணுக்குத் தெரியாத மைத்துகள்கள் மிதக்கும். மின்சாரம் அந்தத் துகள்களை இழுத்து, ரப்பர் போல மெத்தென்ற ஓர் உருளையின் மேல் பூசும். இன்னோர் உருளை அதை அழுத்தி, மிஞ்சிய எண்ணெயைப் பிழிந்துவிடும். பிறகு அங்கே நிற்பது ஒரு படலம். பாலாடையை அதன் பக்கத்தில் வைத்தால் கம்பளிபோல் தெரியும், அத்தனை மெல்லியது!

அந்தப் படலம் உருளையின் இந்த முனை முதல் அந்த முனை வரை ஒரே கனத்தில் இருக்க வேண்டும். அதிலிருந்துதான் எழுத்தும் கோடும் அடுத்த உருளைக்குத் தாவி, பிறகு காகிதத்தில் இறங்குகின்றன. படலத்தில் எங்கே குறையோ, காகிதத்திலும் அங்கே குறை. இடையில் எந்த வித்தையும் அதைச் சரிக்கட்டாது. அன்றைக்கே ஒன்பது வருடமாக அந்த இயந்திரத்தோடு நின்றவனுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

ஓண விடுமுறைக்கு முந்தைய நாள். இயந்திரத்தை நாள்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால், சுத்தமான எண்ணெயை ஓடவிட்டு உருளைகளைக் கழுவிய பிறகுதான் நிறுத்த வேண்டும். இருபது நிமிட வேலை. எனக்கோ பொள்ளாச்சியில் மச்சினன் வீட்டு விருந்து! மனைவி மூன்று முறை அழைத்துவிட்டாள். வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விசையை அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.

நான்கு நாள் கழித்து வந்து திறந்தால், கறுப்பு மை உருளையின் ஓரத்தில் டோனர் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. துணியை எண்ணெயில் நனைத்து, ஊறவைத்து, ஊறவைத்துத் துடைக்க வேண்டும். ஒரு முழுக் காலை போய்விடும். உலோகம் எதுவும் அந்த உருளையைத் தொடவே கூடாது. இயந்திரத்தின் கதவிலேயே அப்படி எழுதி ஒட்டியிருக்கிறது, ஒட்டியவனும் நான்தான்.

உருளையைச் சுழலவிட்டு, எஃகு அடிக்கோலை வைத்துச் சுரண்டினேன்.

பொருக்கு போயிற்று. கூடவே உருளையைச் சுற்றி ஒரு கீறல் விழுந்தது. நகத்தால் தடவினாலும் தட்டுப்படாத கீறல். ஆனால் மைப்படலம் அதை அறியும். கீறல் ஓடிய இடத்தில் படலம் பிடிக்கவில்லை. அச்சிட்ட தாளின் கறுப்பில் மேலிருந்து கீழாக மயிரிழை அகலத்தில் ஒரு வெள்ளைக் கோடு.

சொல்லியிருக்கலாம்! உருளை பாழாகிவிட்டது, புதிதாக வரவழையுங்கள் என்று ஒரு வார்த்தை. பெங்களூரிலிருந்து வர மூன்று நாள் ஆகியிருக்கும். யார் கீறியது என்று கேட்டிருப்பார்கள். கேட்டால் என்ன? தலையா போயிருக்கும்? ஒன்பது வருடத்தில் ஒரு புகாரும் வாங்காத துரைசாமி என்ற வீண் பெருமை... அது போயிருக்கும். அதற்காக!

மின்னழுத்தத்தை ஏற்றினேன். படலம் தடித்தது. இருபுறமும் மை நெருக்கி வெள்ளைக் கோடு மங்கிப்போயிற்று. தாளைக் கை நீட்டிப் பிடித்தால் தெரியவில்லை. முதல் தாளில் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டார். கண் சொட்டு மருந்துக்கான லேபிள், சாப்பாட்டு வேளைக்குள் ஓடி முடிந்தது.

கூடத்தின் மறுகோடியில் சோதனை மேசை. அங்கேதான் ஜமீலா. பாலக்காட்டு ராவுத்தர் வீட்டுப் பெண். அத்தா என்று அவள் அழைக்கும் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தவர். பக்கவாதம் வந்து படுத்த பிறகு கடை மூடிவிட்டது. வீடு இவள் சம்பளத்தில்தான் ஓடியது. நான்கு வருடமாக அந்த மேசையில் அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு பிழை வெளியே போனதில்லை.

எங்கள் அச்சகத்தில் ஒரு வழக்கம். சோதிப்பவருக்கு ஒரு தாளில் ஐயம் வந்தால், அடுக்கில் அந்த இடத்தில் ஒரு மஞ்சள் துண்டைச் செருகிவிடுவார். நாக்கு நீட்டியபடி அது நிற்கும். துண்டு தெரிந்தால் வெட்டும் இடத்தில் அடுக்கை நிறுத்தி வைக்க வேண்டும். துண்டு இல்லாத அடுக்கு சுத்தமான அடுக்கு. வாய்ப் பேச்சு செல்லாது, துண்டுதான் சாட்சி.

அன்று பதினொரு மணி வாக்கில் ஒரு தாளோடு என்னிடம் வந்தாள்.

"துரைண்ணா, கறுப்புல ஒரு கோடு ஓடுற மாதிரி இருக்கே. கொஞ்சம் சாய்ச்சுப் பாருங்கண்ணா."

சாய்த்துப் பார்த்தேன். தெரிந்தது! எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

"ஒண்ணுமில்ல ஜமீலா. டியூப்லைட் வெளிச்சம் கண்ணக் கூசுது. நீ வேற ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரில முழிச்சுக் கெடக்கற. போயி ஒக்காரு போ."

அந்த வாரம் அவளுடைய அத்தாவை மறுபடி மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். அதை எடுத்து எவ்வளவு பக்குவமாகப் பயன்படுத்தினேன், பார்த்தீர்களா? அக்கறை போலவே இருந்தது!

அவள் வாதாடவில்லை. போய் உட்கார்ந்து, தன் வேலையைத் தன் கண் சொன்னபடி செய்தாள். அடுக்குக்கு அடுக்கு மஞ்சள் துண்டு. சாப்பாட்டு வேளையில் அத்தாவைப் பற்றிக் கேட்க மருத்துவமனைக்குப் போன் செய்ய அவள் வெளியே போனபோது அத்தனையையும் உருவினேன். அவள் திரும்பி வருவதற்குள் அடுக்குகள் வெட்டும் இடத்துக்குப் போய்விட்டன. தள்ளிக்கொண்டு போனதும் நானே.

அதன்பின் கறுப்பு அதிகம் இல்லாத வேலைகளாகவே பொறுக்கி ஓட்டினேன். பத்து நாளில் எல்லாம் திரும்பி வந்தது. மருந்துக் கம்பெனியில் கருவிக்குப் பார்கோடு பிடிபடவில்லை. என் வெள்ளைக் கோடு ஒரு கறுப்புப் பட்டையை நடுவில் பிளந்து இரண்டாக்கியிருந்தது. மனிதக் கண் மன்னித்ததைக் கருவி மன்னிக்கவில்லை.

மேனேஜர் தன் அறைக்கு எங்கள் இருவரையும் அழைத்தார். மலையாளி. எங்களிடம் பாதித் தமிழில் பேசுவார்.

"துண்டு எவிடெ, ஜமீலா?"

"வெச்சேன் சார். நெறைய வெச்சேன்."

"துரைசாமி, நீ கண்டோ?"

ஜமீலா என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. நான் பார்த்திருப்பேன் என்று நம்பினாள், அவ்வளவுதான்.

"நான் துண்டு ஒண்ணும் பாக்கலீங் சார்."

ஆயிற்று. தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டியதை அவள் எடுத்துச் சொல்லவில்லை, வாய்ப் பேச்சு அங்கே செல்லாதே. மேனேஜர் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்டாரா? நான்கு வருடம் தவறாத பெண் இன்று எப்படித் தவறுவாள் என்று கேட்டாரா? அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்றாவது கேட்டாரா? இல்லை! பிழையைச் செய்தவனை விட்டுவிட்டுப் பிழையைப் பார்க்காதவளைத் தேடும் இடம் அது. "வீட்டு விஷமம் தலையில் வச்சு வேலைக்கு வரருது" என்றார். வீட்டுக் கவலையோடு வேலைக்கு வராதே என்கிற அர்த்தம். அன்றோடு வேலையிலிருந்து நிறுத்தினார், மறுநாள் முதல் அவள் வரவில்லை.

இன்னும் கேளுங்கள். அந்த வாரமே நான் உருளையைக் கழற்றிக் கொண்டுபோய் மேனேஜர் முன் வைத்தேன். டோனரில் ஏதோ மணல் துகள் கலந்து வந்து கீறியிருக்கிறது என்றேன். கீறலைக் கண்டுபிடித்த கண்ணுக்காக என் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஆமாம்... என் கீறலை நானே கண்டுபிடித்ததற்கு எனக்குப் பாராட்டு! தூ! இன்று புதிதாகச் சேர்பவர்களுக்குப் படலம் சீராக அமைய என்னென்ன செய்ய வேண்டும் என்று பாடம் எடுப்பவனும் நானே.

இரண்டு வருடம் ஓடிவிட்டது. போன மாதம் பாலக்காட்டுப் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். நழுவிவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் அவளே வந்துவிட்டாள்.

ஒரு துணிக்கடையில் துணி மடித்து வைக்கும் வேலையாம். அத்தா இருக்கிறாராம், பேச்சுத்தான் குழறுகிறதாம். என் பிள்ளைகளை விசாரித்தாள். பிறகு தயங்கி, "ஒண்ணு கேக்கணும்ண்ணா" என்றாள்.

கோவைப் பக்கம் ஓர் அச்சகத்தில் சோதனை மேசைக்கு ஆள் கேட்கிறார்களாம். எங்களுடையதைப் போன்றே இயந்திரமாம். இப்போது வாங்குவதைப்போல் இரண்டு மடங்கு தருவார்களாம். வரச் சொல்லிவிட்டார்களாம்.

"போலாம்னுதான் இருக்கேன். ஆனா பயமா இருக்குண்ணா. அன்னைக்குத் துண்டு வெச்சேன்னுதான் இன்னமும் தோணுது. வெச்சிருந்தா எங்க போகும்? ஆஸ்பத்திரி அலைச்சல்ல, வெச்சுட்டதா நானே நெனச்சுக்கிட்டேன் போல... எனக்கே என்மேல நம்பிக்க இல்ல. மறுபடியும் அப்படி ஆச்சுன்னா? நீங்க சொல்லுங்கண்ணா, போகட்டா?"

கேட்டீர்களா? வேலையை மட்டுமா பறித்தேன்? தன் கை செய்ததைத் தானே நம்ப முடியாதவளாக அவளை ஆக்கி வைத்திருக்கிறேன்! நீ வைத்தாய் ஜமீலா, பதினொன்று வைத்தாய், நான் எண்ணினேன்... இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என் பேருந்து வரக்கூட இன்னும் நேரம் இருந்தது.

ஆனால் என் மனம் எங்கே ஓடியது தெரியுமா? அங்கேயும் அதே இயந்திரம். அதே உருளை. அங்கே எவனாவது ஒருவன், உருளை எதனால் கீறும், எதனால் கீறாது என்று இவளுக்கு விளக்கிவிட்டால்? என் மணல் கதை அவள் காதுக்கும் எட்டியிருக்கும். மிதந்து வரும் மணல் துகள் அப்படி முழுவட்டமாகக் கீறாது என்று அவன் சொல்லிவிட்டால், துண்டுகளை யார் எடுத்திருப்பார்கள் என்பதும் அவளுக்குப் புரிந்துவிடாதா?

"வேண்டாம் ஜமீலா" என்றேன். "கண்ணுக்கும் மனசுக்கும் ஓயாத வேல அது. ஊட்ல அத்தாவ வெச்சுக்கிட்டு உனக்கெதுக்கு? இப்ப இருக்கறதே நிம்மதி."

அவள் தலையாட்டினாள்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்ண்ணா. போன் பண்ணி வரலன்னு சொல்லிடறேன்" என்றாள். எனக்கு நன்றியும் சொன்னாள்!

அவளுடைய எண் என்னிடம் இருக்கிறது. அன்றே அழைத்திருக்கலாம். நேற்று அழைத்திருக்கலாம். அந்த இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை என்று விசாரித்தும் வைத்திருக்கிறேன். உங்களிடம் மட்டும் எப்படிக் கொட்டித் தீர்க்கிறேன், பாருங்கள்! உங்களிடம் சொன்னால் எனக்கு ஒன்றும் ஆகாது. அவளிடம் சொல்லவில்லை.