“நான் கண்டுபுடிக்கலைங்க”

போன ஞாயிற்றுக்கிழமை கொல்லங்கோட்டில் என் தங்கைக்குப் பாராட்டுக் கூட்டம். ஊர் வாயனசாலையில் — நூலகத்துக்கு அங்கே அதுதான் பெயர் — உட்கார இடமில்லை. தற்பெருமைதான். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

சாவித்திரி ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்கிறாள். இப்போது லீவில் ஊருக்கு வந்திருக்கிறாள். எலக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானையும் எதிரெதிரே விரட்டி மோதவிடும் ராட்சச இயந்திரம் ஜெர்மனியில் இருக்கிறது. மோதலில் புதிதாக ஏதாவது பிறக்கிறதா என்று பார்க்கும் குழுவில் இவளும் ஒருத்தி.

எலக்ட்ரான் நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அதே குணம், எடை மட்டும் அதிகம் என்றால் மியூவான். இரண்டும் லெப்டான் என்ற துகள் குடும்பத்தில் மின்னேற்றமுள்ளவை. இவற்றைவிடக் கனமாக மூன்றாவது ஒன்று இருக்கிறது என்று அமெரிக்காவில் ஒரு குழு சொல்லிவிட்டது. நிஜம்தானா? இல்லை, வேறொரு துகளைப் பார்த்து ஏமாந்துவிட்டார்களா? விஞ்ஞானிகள் அன்றுவரை அடித்துக்கொண்டிருந்தார்கள்...

கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய பேராசிரியருக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. “அந்தப் புதிய துகளைக் கண்டுபிடித்தவர் நம் கொல்லங்கோட்டுப் பெண்!” என்றார். கூரை அதிரக் கைதட்டல்.

முன்வரிசையில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். நெல்லும் கடலையும் போட்டு இவளைப் படிக்க வைத்தவர். கல்யாணம் பண்ணாமல் பெண்ணைப் பிளேன் ஏற்றிவிட்டாரே என்று சொந்தக்காரர்கள் பேசிய பேச்சு, அந்தக் கைதட்டலில்தான் அடங்கியது.

சாவித்திரி மைக்கைப் பிடித்தாள்.

“நான் கண்டுபுடிக்கலைங்க. மொதல்ல சொன்னது அமெரிக்காக்காரங்க. எங்க குழு அதைச் சரிபாத்துட்டு இருக்குது. முடிவு இன்னும் தெரியலைங்க. இல்லைன்னுகூட ஆகலாமுங்க.”

பின்னாலிருந்து ஒரு குரல், “அப்பறம் எதுக்குங்க மாலை?”

வீட்டுக்கு வந்ததும் அம்மாதான் ஆரம்பித்தார். “அவரு சொன்னாச் சொல்லீட்டுப் போறாரு. நீ எதுக்கு அம்மணி வாயத் தொறந்தே?”

“நாளைக்கு இல்லைன்னு ஆயிருச்சுன்னா, அப்பா மொகத்தை எங்கம்மா கொண்டுபோய் வெப்பாரு?”

அப்பா சாப்பிடாமல் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

இல்லாத பெருமையை வேண்டாம் என்பது லேசுப்பட்ட காரியமா? அதுவும் சொந்த ஊரில், பெற்றவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது?

புதன்கிழமை ஜெர்மனியிலிருந்து தந்தி. அவர்கள் தேடிய அடையாளம் அங்கேயும் கிடைத்துவிட்டது. துகள் நிஜம். சாவித்திரி வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

தோட்டத்திலிருந்து வந்த அப்பா பதறிப்போனார். விஷயத்தைச் சொன்னேன்.

“நெசந்தானா அம்மணி?”

“நெசந்தானுங்கப்பா. ரெண்டு எடத்துல பாத்தாச்சு.”

அவர் அவள் தலையில் கை வைத்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

சாயங்காலம் வாயனசாலைச் செயலாளர் ஓடிவந்தார். “ஏனுங்க, இனி உங்க பொண்ணுதான் கண்டுபுடிச்சதுன்னு சொல்லலாமுங்களா?”

“வேண்டாமுங்க” என்றார் அப்பா. “சரிபாத்துச் சொன்னவங்கள்ல எம்பொண்ணும் ஒருத்தின்னு சொல்லுங்க. அதுவே நெம்பப் பெருசுங்க.”

ஜெர்மன் குழுவில் அன்றைக்கு ஓர் ஆள் கூடிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்!