படிக்காமல் போட்ட கையெழுத்து

பண்டமாரானில் எங்கள் வீட்டை ஒட்டிய சாலையை அகலப்படுத்த, என் சமையலறைச் சுவரில் சிவப்புக் கோடு போட்டுப் போனார்கள். பிறகு நில அலுவலகத்திலிருந்து ஒருவர் மலாய்க் கடிதம் கொண்டுவந்தார்.

"புரியுதா ஆன்டி?"

எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனாலும், "ஏன் புரியாது?" என்று நிமிர்ந்து நின்று கையெழுத்துப் போட்டேன். அன்றிலிருந்து அந்தக் கோட்டைப் பார்த்தாலே மனம் நிலைகொள்ளவில்லை. யாரிடமாவது கேட்கவும் கௌரவம் விடவில்லை.

ஒரு காலையில் பக்கத்து வீட்டு மேரி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, இன்னும் கெளம்பலையா? எங்களுக்கும் வந்த கடிதத்துல போட்டிருந்துச்சே, இன்னைக்குத்தானே விசாரணை! போகலன்னா அவங்க போட்ட கோடுதான் நிக்கும் லா!"

அவள் காரிலேயே நில அலுவலகத்துக்கு ஓடினோம். அதிகாரி கோப்பை மூடிக்கொண்டிருந்தார்.

"கையெழுத்து இருக்கே ஆன்டி. சட்டப்படி நீங்க படிச்ச மாதிரிதான்."

"அடுப்பு வரைக்கும் போகுதே தம்பி! நான் எங்க சமைப்பேன்?"

அவர் பெருமூச்சு விட்டு, கோப்பைத் திறந்து என் ஆட்சேபத்தை எழுதிக்கொண்டார். மறுபடி அளந்தபோது கோடு வேலியோரம் நகர்ந்தது.

இப்போது எந்தக் கடிதம் வந்தாலும், "எனக்குப் படிக்க வராது, வாசிச்சுச் சொல்லுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையையும் நான் சொல்லச் சொல்ல மேரிதான் எழுதினாள். முழுவதும் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.