ஸகியா கேட்ட பாதிக் கேள்வி

சாய்ந்தமருதுவில் அபாயா தைக்கும் ஸகியாவிடம் வரும் பெண்கள் துணியோடு இரத்தப் பரிசோதனை ரிப்போட்டையும் நீட்டுவார்கள்.

"இதையும் போன்ல ஒருக்காப் பாருங்க ராத்தா. கொலஸ்ட்ரோல் கூடவா?"

ஸகியா தேடிப் படித்துச் சொல்வாள். அரைநாள் காத்திருந்தாலும் டொக்டர் நாலு வார்த்தைதான் கதைப்பார், போனென்றால் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் என்பது அவளது கட்சி.

அவளுக்கும் சீனி வருத்தம். காலையும் மாலையும் இன்சுலின். "நோன்புக்கு முந்தி வந்து கதைச்சிட்டுப் போங்க" என்று கிளினிக் தாதி மிஸி சொல்லியிருந்தார். பெருநாள் தையல் குவிந்து கிடந்தது. ஸகியா போனிடமே கேட்டாள்: இன்சுலின் போட்டால் நோன்பு முறியுமா? முறியாது என்று மூன்று மௌலவிமார் வீடியோவில் சொன்னார்கள். முதல் நோன்பன்று, விடியுமுன் உண்ணும் ஸஹரில், வழமையான இருபத்திநாலு யூனிட்டையும் நிம்மதியாகப் போட்டுக்கொண்டாள்.

மாலை ஐந்தரைக்குத் துணி வெட்டும்போது கை நடுங்கியது. துணியில் போட்ட சோக்குக் கோடு இரண்டாகத் தெரிந்தது. மகள் நஸ்லியா ஓடிவந்து நெற்றியைத் தொட்டாள். குளிர்ந்த வியர்வை. விரலில் குத்திப் பார்த்தாள். சீனி நாற்பத்தாறுதான்.

"சீனித்தண்ணி உம்மா. கெதியாக் குடிங்க."

"நோன்பு திறக்கிற பாங்குக்கு இன்னும் முக்கா மணித்தியாலந்தானேடி."

"அதுக்குள்ள மௌத்தாப் போயிருவீங்க!"

"முறிக்கலாமா எண்டு... போன்ல பாரு."

நஸ்லியா தேடினாள். ஒரு வீடியோ கிடைத்தது. மௌலவி வாயைத் திறக்குமுன் சவர்க்காரத்தூள் விளம்பரம் வந்தது. யாரோ ஒருத்தி வெள்ளைச் சட்டையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். இன்னும் பன்னிரண்டு வினாடி. ஸகியாவின் தலை மெஷின்மேல் சரிந்தது.

நஸ்லியா போனைத் துணிக்குவியலில் எறிந்தாள். உம்மாவைத் தோளில் சாய்த்துக் கோப்பையை உதட்டில் வைத்தாள். உதடு இறுகியே இருந்தது.

"விட்ட நோன்பப் பொறகு ஒருநாள் புடிச்சுக் கழாச் செய்யலாம் உம்மா. உங்கள நான் எங்க போய்க் கழாச் செய்ய?"

உதடு விரிந்தது. கொஞ்சம் கழுத்தில் வழிந்தது, மிச்சம் மிடறு மிடறாக உள்ளே போனது. கால் மணித்தியாலம் கழித்து எழுபத்தெட்டு. அதற்குப் பிறகுதான் நஸ்லியா அழுதாள். ஸகியாவும் அழுதாள், விட்ட நோன்புக்காக.

மறுநாள் கிளினிக்கில் மிஸிக்குக் கோபம்.

"உங்களுக்கு நோன்பு ஏலுமா எண்டு டொக்டர்தான் பாத்துச் சொல்லணும். ஏலுமெண்டாலும் ஸஹர் ஊசியக் குறைச்சிருப்பார். முந்தியே கேட்டிருக்கலாந்தானே?"

"கேட்டன் மிஸி" என்றாள் ஸகியா, நிலத்தைப் பார்த்தபடி. "நோன்புக்கு என்ன ஆகுமெண்டு கேட்டன். எனக்கு என்ன ஆகுமெண்டு கேக்கல்ல."