சம்பந்தத்தின் வேனும் ஆம்பூர் மூக்கும்

ஆம்பூரில் மெக்கானிக் சம்பந்தம் பிண வண்டி வாங்கிவிட்டார் என்ற பேச்சு எண்பத்து மூன்றாம் வருஷம் ஆவணியில் கிளம்பியது. முதலில் அது வெறும் பிண வண்டியாகத்தான் இருந்தது. பிறகு சுடுகாட்டுப் பக்கம் தானாகத் திரும்புகிறது என்றார்கள். வாரம் முடிவதற்குள் உள்ளே யாரோ முனகுவதாகவும், முனகுவது பெண் குரல்தான் என்றும் ஊர்ஜிதமாகிவிட்டது. இவ்வளவு செழிப்பாக வளரும் பேச்சை விசாரித்துக் கெடுப்பது பாவம். ஆனால் அந்த வேனுக்காகச் சம்பந்தம் தன் பட்டறையையே விற்றிருந்தார். அதனால் விசாரித்தேன்.

பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் முனியம்மாவிடம்தான் முதலில் போனேன். ஊரில் எந்தப் பேச்சும் அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத்தான் மேலே போகும்.

"நான் ஒண்ணும் சொல்லலப்பா. மெட்ராஸ் பஸ்ஸு வந்து நிக்குது. டீ குடிக்க எறங்குறாங்க. அந்த வேனும் இங்கதான் நிக்குது. எறங்குனவங்க மூக்கப் பொத்திக்கினு ஓடுறாங்க. பொணம் ஏத்துற வண்டியான்னு ஒரு அம்மா கேட்டுச்சு. எனக்கு இன்னா தெரியும்? இருக்கும்னேன்."

"உனக்கு நாத்தம் தெரிஞ்சுதா?"

"இன்னா நாத்தம்? ஒண்ணும் தெர்லியே."

எனக்கும் தெரியவில்லை. வேனை ஒரு சுற்றுச் சுற்றி, கதவிடுக்கில் மூக்கை வைத்து இழுத்துப் பார்த்தேன். ஆம்பூர்க் காற்று எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

சம்பந்தம் மூக்கில்லாதவரல்ல, எச்சரிக்கையில்லாதவருமல்ல. புளியமரத்தடியில் ஸ்பானர் பிடிக்கத் தொடங்கி, சொந்தத் தகரக் கொட்டகை வரை வந்தவர். வேலூரில் மோட்டார் சைக்கிள் ஷோரூம் வைத்திருந்த ரஃபி அகமது, புது வண்டிகளை மெட்ராஸிலிருந்து ஆள் விட்டு ஓட்டிக்கொண்டு வருவார். வருகிறவர்கள் ஓடிய தூரம் காட்டாதபடி மீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டு வருவார்கள். வாங்குகிறவரும் பிறந்த குழந்தை என்று நம்பிக் கற்பூரம் காட்டுவார். அந்த வருஷம் பார்வை கூர்மையான ஒரு வாத்தியார், டயரில் ஒட்டியிருந்த தாரைக் காட்டிச் சண்டை பிடித்துவிட்டார்.

"பேஜாரா கீது சம்பந்தம்," என்றார் ரஃபி. "நீ ஒரு வேன் பாரு. மூணு மூணா ஏத்தினு வந்து எறக்கு. லோடெல்லாம் உனக்கே. ஆனா ஒரே ஒரு கம்ப்ளெயிண்ட் வந்தாலும் பழையபடி ஆள வுட்டு ஓட்டிக்குவேன்."

பட்டறை போயிற்று. வாணியம்பாடியில் புரோக்கர் கவுஸ் பாஷா ஒரு பழைய மெட்டடார் வேனைக் காட்டினார். சம்பந்தம் அடியில் படுத்து சேஸிஸைத் தட்டிக் கேட்டார். ஆயிலைத் தொட்டு விரலில் தேய்த்துப் பார்த்தார். கியரை மாற்றி மாற்றிப் போட்டார்.

"இதுல இன்னா ஏத்துனாங்க, பாய்?"

"குடும்ப வண்டி தோஸ்த். கல்யாணம், காட்சின்னா எடுப்பாங்க."

எல்லாவற்றையும் சோதித்தவர் முகர்ந்து மட்டும் பார்க்கவில்லை. தோல் பதனிடும் டேனரிக்குப் பின்தெருவில் பிறந்தவர்கள் எதையும் முகர்ந்து வாங்குவதில்லை. மீன் போய்க் குளத்தில் ஈரம் இருக்கிறதா என்று விசாரிக்குமா?

சீட்டுகளைக் கழற்றினார். பின்கதவை அகலப்படுத்தினார். வண்டி ஏற்ற ஒரு சாய்வுப் பலகை, கைப்பிடியைக் கட்டக் கொக்கிகள், டேங்கில் கீறல் விழாமலிருக்கப் பழைய சைக்கிள் டியூப். சக்கரம் நகராமல் நிற்பதற்கு மூன்று இரும்புச் சேனல்களைத் தரையில் பற்றவைக்க வேண்டும். வெல்டர் ஆரோக்கியசாமி தரையிலிருந்த ரெக்சினைச் சுருட்டிவிட்டு ராடை வைத்தார். ஓட்டை விழுந்தது. தள்ளி வைத்தார். அங்கேயும் விழுந்தது.

"அண்ணே, இது தகடு இல்ல, அப்பளம்." விரலால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு! பச்சத் தோலு அடிச்ச வண்டிண்ணே இது. உப்பு போட்டு ஏத்துவாங்களே, அது. எத்தினி காலமா அடிச்சாங்களோ, தரையையே தின்னுட்டுது."

ஆக, ஊர்ப் பேச்சில் பாதி உண்மை. அந்த வேனில் செத்தவை போனதுண்டு, ஆனால் அத்தனையும் ஆடு மாடுகள்.

தரைக்கு வழி இருந்தது. கனத்த தகடு விரித்து, சேனலையும் சேர்த்து சேஸிஸில் போல்ட் போட்டு இறுக்கினார். வாசனைக்குத்தான் வழியில்லை. இருக்கிறதா போய்விட்டதா என்றே அவருக்குத் தெரியவில்லை. சுண்ணாம்பு அடிப்பார், கழுவுவார், போய் டீக்கடை எதிரில் வேனை நிறுத்திவிட்டு மெட்ராஸ் பஸ்ஸுக்காகக் காத்திருப்பார். இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்க்க மாட்டார், கையைத்தான் பார்ப்பார். கை மூக்குக்குப் போனால் மறுபடி வீட்டுக்கு ஓட்டிப்போய்க் கழுவுவார். ஒரு சளி பிடித்த பயணி சும்மா மூக்கைத் துடைத்ததற்கு ஒரு நாள் முழுக்கக் கழுவினார்.

"நீ சாப்புடுறியா இல்லியா?" என்றார் மனைவி அம்சவேணி.

"சாப்பாடு வாசன தெரியுதே, அது மட்டும் ஏன்டி தெரிய மாட்டேங்குது?"

கடைசியில் அம்சவேணியே பினாயில் ஊற்றி, சாம்பிராணி போட்டு, பன்னீரும் தெளித்தார். இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன வாசனை என்று எழவு வீட்டுக்குப் போன எவருக்கும் தெரியும். அதுவரை வெளியூர் மூக்குக்கு மட்டும் பிண வண்டியாக இருந்தது, அன்று முதல் உள்ளூருக்கும் ஆயிற்று.

முதல் லோடுக்கு நானும் கூடப் போனேன். திரும்பும்போது வாலாஜாவுக்கு முன்னால் மழை பிடித்தது. பின்னால் ஏதாவது கிறீச்சென்றால் சம்பந்தம் ஓரம் கட்டி இறங்கி, தரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். தரை இருந்தது. "ஈரத்துல நாத்தம் ஜாஸ்தியாவும்ன்றாங்களே, உனக்கு ஏதாச்சும் வருதா?" என்பார். வரவில்லை என்பேன். ஆம்பூர்க்காரன் சொல்லும் ஆறுதலுக்கு அந்த விஷயத்தில் என்ன மதிப்பு?

ஷோரூம் வாசலில் மாலை, எலுமிச்சம்பழம், தேங்காயோடு வேலாயுதம் காத்திருந்தார். சோளிங்கர் மலையடிவாரத்தில் பூசைச் சாமான் கடை வைத்திருப்பவர், மூன்றில் ஒரு வண்டி அவருடையது. மூன்று வண்டியும் கீறலின்றி இறங்கின. மாலையைப் போடக் குனிந்த வேலாயுதம் அப்படியே நின்றார்.

"இன்னாய்யா இது, எழவு வூட்டு வாசன?"

ரஃபி அகமது பிறந்தது வாணியம்பாடியில், அதுவும் தோல் ஊர்தான். இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லியே," என்று சம்பந்தத்தைப் பார்த்தார். சம்பந்தம் வேலாயுதத்தின் பக்கம் திரும்பினார்.

"பொணம் இல்லண்ணே, தோலு. முன்னாடி பச்சத் தோலு ஏத்துன வண்டி. கழுவாத நாளில்ல. போச்சா போவலியான்னு சத்தியமா எனக்குத் தெரியாது. எங்க ஊரு மூக்குக்கு அது தெரியாதுண்ணே."

"தோலா? பூசக் கடை வெச்சிருக்கறவனுக்கா?"

சம்பந்தத்தின் பார்வை வேலாயுதத்தின் தோல் செருப்பு வரை போயிற்று. புத்திசாலி, உடனே மேலே எடுத்துக்கொண்டார்.

வேலாயுதம் டேங்கை முகர்ந்தார், டயரை முகர்ந்தார். கடைசியில் சீட்டில் நின்றார். "இதுலதான் ஏறிக்கினு கீது. நல்ல நேரம் போவுது, வண்டிய எடுத்துக்கறேன். ஆனா புது சீட் கவரு ஒண்ணு தைச்சு, நீயே கொண்டாந்து போடணும்."

"போட்டுடறேண்ணே!"

வேலாயுதம் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு புறப்பட்டதும், சம்பந்தம் மெதுவாகக் கேட்டார்: "பாய், இது கம்ப்ளெயிண்ட்ல சேருமா?"

"கவரு போய்ச் சேரட்டும், அப்புறம் சொல்றேன்," என்றார் ரஃபி. "அதுவரைக்கும் ஒவ்வொரு லோடாப் பாக்கலாம்."

சம்பந்தம் நல்ல ரெக்சினில் கவர் தைத்து சோளிங்கருக்கு எடுத்துப் போனார். வேலாயுதம் பிரித்து முகர்ந்தார்.

"எதுல கொண்டாந்தே?"

"வேன்லதாண்ணே."

"அதான் பாத்தேன்," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இரண்டாவது கவர் பஸ்ஸில் போயிற்று. அதுவும் திரும்பி வந்தது. என்ன ஆயிற்று என்று சம்பந்தத்தைக் கேட்டேன்.

"கவர மடியில வெச்சுக்கினு வந்தியான்னு கேக்குறாருப்பா."

இப்போது வெளியூர் ஆள் யாராவது சோளிங்கர் போகிறார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். ரஃபியும் ஒவ்வொரு லோடு இறங்கும்போதும் ரசீதில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பேனாவை நிறுத்திக் கேட்கிறார்.

"கவரு குடுத்தாச்சா?"

"இந்த வாரம், பாய்."