ஊசியக்காவின் இங்கிதம்

ஊசியக்கா தையற்கடை வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும். அதையும் தாண்டி வருகிற பேச்சு இன்னும் கூர்மை. ஆனால் கடைக்குள் அவளைப் போல இங்கிதம் தெரிந்தவள் கிடையாது. யாருக்கு அளவெடுத்தாலும் நாலு அங்குலம் குறைத்துத்தான் சத்தமாகச் சொல்வாள். திரைக்குப் பின்னால் கட்டிங் மாஸ்டர் அந்த நாலைக் கூட்டி எழுதிக்கொள்வார். காத்திருக்கும் பெண்கள் காதில் விழுவது சின்ன எண். வந்தவள் முகம் வாடாது, துணியும் கச்சிதமாகப் பொருந்தும்.

அப்பேர்ப்பட்டவளைத்தான் ஒரு குடும்ப விருந்தில் நாத்தனார் நாறடித்தாள். வயசுப் பேச்சு வந்தபோது, "எனக்கு இப்பத்தான் நாப்பத்தஞ்சு" என்றாள் நாத்தனார். ஊசியக்கா வாயில் அன்று ஊசி இல்லை.

"அதெப்படிக்கா? எனக்கே நாப்பத்தேழு. நீங்க என்னைவிட மூணு வயசு மூத்தவங்களாச்சே?"

"என் தம்பி பொண்டாட்டியா? இங்கிதம் கிலோ என்ன விலைன்னு கேப்பா!" என்றாள் நாத்தனார். அத்தனை சொந்தமும் சிரித்தது. கட்டின புருஷனும் சேர்ந்து சிரித்தான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

எட்டு மாசம் தொண்டையில் சோறு இறங்கியது, கோபம் இறங்கவில்லை. 'இருக்கட்டும், என் டேப்புக்குள்ள ஒரு நாள் வராமலா போயிடுவா' என்று கறுவிக்கொண்டே மிஷினை மிதித்தாள்.

வந்தாள். மகன் கல்யாணத்துக்குத் தனக்கு ரவிக்கைச் சட்டை தைக்க, உசத்தியான பட்டுத் துணியோடு, கடை நிறையக் கூட்டம் இருந்த நேரத்தில் வந்தாள். ஊசியக்கா குண்டூசிகளை எடுத்து டப்பாவில் போட்டாள். டேப்பைச் சுற்றினாள். ஒரு அங்குலம்கூடக் குறைக்காமல், தெருமுனைக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"நாப்பத்திரெண்டு!"

நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. பெஞ்சில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊசியக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் மாஸ்டரை மறந்துபோனாள். அவர் பழக்க தோஷத்தில் நாலைக் கூட்டி, நாற்பத்தாறு என்று எழுதி, பட்டில் கத்திரியை வைத்துவிட்டார்.

தைத்து வாங்கிப்போன சட்டையைப் போட்டுக்கொண்டு மறுவாரம் நாத்தனார் வந்து நின்றாள். சட்டை தொளதொளவென்று தொங்கியது. முகமெல்லாம் பல்.

"பாத்தியாடி! நீ கத்தினதுல ரோஷம் வந்து சாப்பாட்டைக் குறைச்சேன். பத்தே நாள்ல நாலு அங்குலம் இளைச்சுட்டேன்! அளவெடு. அன்னிக்குக் கத்தின மாதிரியே கத்து, எல்லாரும் கேக்கட்டும்."

ஊசியக்காவுக்குப் புரிந்துவிட்டது. திரையை விலக்கிப் பார்த்தாள். மாஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார். டேப்பைச் சுற்றினாள். அதே நாற்பத்திரண்டு, இம்மி குறையவில்லை. அதைச் சொன்னால், பட்டைப் பாழாக்கிய கடை என்று இன்று சாயங்காலத்துக்குள் ஊரே பேசும். சொல்லாவிட்டால் இவள் தலையில் தன் கையாலேயே கிரீடம் வைக்க வேண்டும். பெஞ்சில் ஆறு பெண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முப்பத்தெட்டு!" என்று கத்தினாள்.

பெஞ்சே கைதட்டியது. நாத்தனார் அவர்கள் பக்கம் திரும்பிப் பெருமையாகச் சொன்னாள்:

"என் தம்பி பொண்டாட்டி. செத்தாலும் அவ வாயில பொய் வராது."