அத்தானின் விரலில் ஒரு புள்ளி

அத்தானின் வலது ஆள்காட்டி விரல் நுனியில் இருந்தது ஒரே ஒரு புள்ளி. மீன் முள் குத்தினால் இருக்குமே, அவ்வளவுதான். ரத்தம்கூட இல்லை. அத்தான் என்றால் என் அக்காள் கணவர். தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். நான் நர்ஸாக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு அந்தப் புள்ளியோடு சிரித்துக்கொண்டே வந்து நின்றார். கூட வேலை பார்ப்பவர்கள் பிடிவாதமாக அனுப்பிவைத்தார்களாம். "ஏளா, சும்மா ஒரு பஞ்ச வச்சுக் கட்டி வுடு, போறேன். அங்கன கப்பல் நிக்கி" என்றார். இத்தனை பெரிய காயத்துக்கு ஆம்புலன்ஸ் அல்லவா கூப்பிட்டிருக்க வேண்டும் என்று நானும் கேலி செய்தேன். கேலி செய்யாமல் என்ன செய்வது? தேடிப் பார்த்தால்தான் தெரிந்தது அந்தப் புள்ளி.

அத்தானுக்குத் தன் விரல்மேல் அப்படியொரு பெருமை. கிரேனுக்குப் பாரம் தூக்கும் பலத்தைக் கொடுப்பது ரப்பர் குழாய்களில் ஓடும் எண்ணெய். அது எங்கே கசிகிறது என்று தடவியே சொல்லிவிடுவார். அன்று காலையிலும் ஒரு குழாயைத் தடவிப் பார்த்திருக்கிறார். இரவெல்லாம் சும்மா நின்ற கிரேன். எண்ணெய் தேன்போலக் கெட்டியாக இருந்தது. விரலில் லேசான பிசுபிசுப்பு, வேறொன்றுமில்லை. பிறகு கிரேன் வெயிலில் ஓயாமல் பாரம் தூக்கியது. மத்தியானம், அதே குழாயை அதே விரலால் தடவினார்.

அதற்குள் எண்ணெய் சூடேறித் தண்ணீராக இளகியிருந்தது. பாரம் தூக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் கூடும்; அழுத்தம் கூடினால் எண்ணெய் கொஞ்சம் இறுகத்தான் செய்யுமாம். ஆனால் சூடு அதைவிடப் பல மடங்கு இளக்கிவிடுமாம். இதையெல்லாம் அவரே பிற்பாடு எனக்கு விளக்கினார். காலையில் வெளியே வரத் திணறிய எண்ணெய், மத்தியானம் அந்த அழுத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை வழியே பீய்ச்சியடித்து, தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. எண்ணெய் கையில் வழியும், துணியில் கறையாகும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அது ஆளைத் துளைக்கும் என்று யார் நினைப்பார்கள்?

டாக்டரும் முதலில் சாவகாசமாகத்தான் வந்தார். எதில் பட்டது என்று கேட்டார். "கிரேன் ஆயில் பைப்பு சார், லேசா சுருக்குன்னுச்சு" என்றார் அத்தான். டாக்டரின் முகம் மாறியது. ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்யச் சொல்லிவிட்டு, பேனாவை எடுத்து, விரல் நுனியிலிருந்து உள்ளங்கையைத் தாண்டி மணிக்கட்டு வரை வெட்டித் திறக்க வேண்டும் என்று ஒரு கோடு போட்டார். அத்தான் அந்தக் கோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "வலிக்கவே இல்லையேளா. பொறவு எதுக்கு வெட்டணும்ங்காவ?"

கையைத் திறந்ததும் தியேட்டர் முழுக்க எண்ணெய் வாடை. நான் எத்தனையோ விபத்துகளைப் பார்த்தவள். ஆனால் காயத்துக்குள்ளிருந்து எண்ணெய் வாடை வந்து பார்த்ததில்லை. அந்த ஒரு புள்ளி வழியே போன எண்ணெய் உள்ளங்கை வரை நரம்போடு நரம்பாகப் பரவியிருந்தது. கழுவிக் கழுவிப் பார்த்தார்கள். கை தப்பியது. விரல் கறுத்துப்போய், கடைசியில் அதை எடுத்துவிட்டார்கள்.

அத்தான் அழவில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மிச்சம் நாலு இருக்கிறது என்று சிரித்தார். மறுபடி வேலைக்கும் போனார். இப்போதெல்லாம் கசிவு பார்க்க அட்டைத் துண்டைத்தான் நீட்டுகிறார். எல்லாம் பழகிவிட்டது என்றே நினைத்திருந்தோம்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காள் வீட்டில் சாப்பாடு. அடுப்பில் குக்கர் மூடியின் ஓரமாகப் புஸ்ஸென்று ஆவி கசிந்தது. எங்கே கசிகிறது என்று பார்க்க அத்தான் எழுந்து வந்து, யோசிக்காமல் வலது கையை நீட்டினார். அக்காள் அலறிக்கொண்டு அந்தக் கையைத் தட்டிவிட்டாள். அவர் குனிந்து கையைப் பார்த்தார். அவர் நீட்டியது இல்லாத விரலை. அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்து, எங்கள் முன்னால் முதல்முறையாக அழுதார்.