மறுத்துப் பேசாத பெரியவர்

அந்தப் பஞ்ச வருஷத்தில் பழவேற்காட்டில் உலாந்தா என்னும் டச்சுக்காரத் துரை வீட்டுக் கூடத்தில் ஒரு பெரியவர் இருந்தார். ஆளல்ல, சுவரில் மாட்டிய படம். கறுப்பு அங்கி கால்வரை தொங்கும். ஓரமெல்லாம் மிருக ரோமம். கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக வெள்ளைத் துணி, தலையைத் தட்டில் எடுத்து வைத்த மாதிரி. இந்த வெயிலில் இவருக்கு வேர்க்காதா என்பதுதான் சின்னப் பெண்ணான எனக்கிருந்த பெரிய கவலை.

அம்மா ஏரிச் சேற்றில் கையால் தடவிப் பிடிக்கும் நண்டுகளைத் துரை வீட்டு அடுப்படிக்குக் கொடுப்பாள். நானும் கூடப் போவேன். படத்தில் இருப்பவர் துரையின் அப்பா, அவர்கள் தேசத்து சர்வகலாசாலைக்கே தலைவர், நியாய சாஸ்திரம் போதித்தவர், அது பட்டம் கொடுக்கும் சடங்குக்கு உடுத்தும் உடுப்பு என்றெல்லாம் சமையல்காரர் சொல்லியிருந்தார். வெளியே கிளம்பும்போது துரை அந்தப் படத்துக்குத் தொப்பியைக் கழற்றுவார்.

அரிசி தருகிறேன் என்று ஒரு தரகன் என் அண்ணனைக் கூட்டிப்போனான். துரையின் ஆட்கள் அவனைக் கோட்டைக் கிடங்கில் அடைத்துவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. கப்பல் வந்ததும் ஏற்றிப்போய் அடிமையாக விற்றுவிடுவார்களாம். எங்கள் நைனாவை முன்பே கடல் கொண்டுபோயிருந்ததால் அம்மாதான் கேட்கப் போனாள்.

எங்கள் குப்பத்தில் வழக்குச் சொல்ல ஒரு முறை உண்டு. பிசகு செய்தவனிடம் பேசக் கூடாது. அவன் வீட்டுப் பெரியவர் முன்னால் நின்று சொல்ல வேண்டும். இஷ்டமில்லையென்றால் அவர் ‘ஆவாது’ என்பார். பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம். மறுபடியும் போய்க் கேட்பது அவரைச் சந்தேகிப்பது; கிடைத்த நியாயமும் கெட்டுவிடும்.

துரை நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவரை ஏறிட்டும் பார்க்காமல் அம்மா படத்தைப் பார்த்துக் கைகூப்பினாள்.

“நைனா, எம்புள்ளய உம்புள்ள அடச்சு வச்சிருக்காரு. அவன் இன்னா தப்பு பண்ணான்? நியாயம் படிச்ச பெரியவரு நீங்க. உட்டுடுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க நைனா.”

பெரியவர் பேசவில்லை. துரை தன் பாஷையில் ஏதோ கேட்டார். சமையல்காரர் ஏதோ சொன்னார். துரை முகம் மலர்ந்து, என் கையில் ஒரு ரொட்டித் துண்டைக் கொடுத்தார். உங்கள் அப்பாவைச் சாமியாக நினைத்துக் கும்பிடுகிறாள் என்று சமையல்காரர் மாற்றிச் சொல்லிவைத்தாராம். உள்ளதைச் சொன்னால் தன்னையும் கிடங்கில் போடுவார்களோ என்று பயம். அவரை எத்தனையோ வருஷம் திட்டித் தீர்த்தேன். இப்போது அதற்கும் தெம்பில்லை.

“ஆவாதுன்னு சொல்லல, பாத்தியா?” என்று வழியெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். கோட்டை வாசலில் மற்றத் தாய்மார்கள் விழுந்து புரண்டு கதறியதில் ஒன்றிரண்டு பிள்ளைகளை வெளியே விட்டார்கள். அம்மா மட்டும் அந்தப் பக்கமே போகவில்லை. பெரியவரைச் சந்தேகிக்கலாமா?

கப்பல் பாய் விரித்த அன்று, அண்ணன் பசியோடு வருவானே என்று எங்கிருந்தோ கொஞ்சம் நொய் வாங்கிவந்து கஞ்சி காய்ச்சினாள். இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பொழுது சாய்ந்ததும் அம்மா எழுந்து உள்ளே போய், அண்ணனுக்கு எடுத்துவைத்த கஞ்சியையும் என் கலயத்திலேயே ஊற்றினாள். அந்த வருஷத்தில் அன்றைக்குத்தான் என் வயிறு நிறைந்தது. நாளைக்கும் அண்ணன் நேரங்கழித்தே வரட்டும் என்று வேண்டிக்கொண்டு தூங்கிப்போனேன்.